மணிக்கு 30 மில்லி

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வருகிறவர்களைப் பார்க்கும் ஐசியுவில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிற சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "புது லிவர் வேலை செய்யுதா சிஸ்டர்?" என்பதுதான். கிட்னியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் முதல் மூன்று நாள் என் கண் பாதி நேரம் கட்டில் கம்பியில் தொங்குகிற யூரின் பையில்தான் இருக்கும்.

இந்த நோயாளிகளின் சிறுநீரகம் தியேட்டருக்குள் போகும்போதே களைத்துப் போயிருக்கும். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு வயிற்றில் நீர் கோத்திருக்கும், ஆனால் கிட்னிக்குப் போதுமான ரத்தம் போகாது. அதன்மேல் பல மணி நேர ஆபரேஷன், ரத்த இழப்பு, பெரிய ரத்தக் குழாய்களைப் பிடித்து வைப்பது. புதுக் கல்லீரலுக்குள் ரத்தத்தைத் திறந்துவிடும் அந்த நிமிடத்தில் பிரஷர் சட்டென்று இறங்கும். அதையெல்லாம் தாண்டி வெளியே வந்தால், கல்லீரலை உடம்பு ஒதுக்காமல் இருக்கக் கொடுக்கிற டாக்ரோலிமஸ் மாத்திரையே கிட்னிக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாயை இறுக்கும். கல்லீரலைக் காப்பாற்ற அந்த மாத்திரை வேண்டும், கிட்னியைக் காப்பாற்ற அதைக் குறைக்க வேண்டும். எங்கள் வேலை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

நான் இந்த யூனிட்டுக்கு வந்த இரண்டாம் வருடம் நடந்தது இது. 60 கிலோ எடையுள்ள ஒருவர், ஆபரேஷன் முடிந்து இரண்டாவது ராத்திரி. 12 மணி நேர நைட் டியூட்டி முடிந்து ஹேண்டோவர் கொடுக்கும்போது, "யூரின் மொத்தம் 520 மில்லி, பரவாயில்லை" என்று சொன்னேன். கணக்குப் போட்டால் மணிக்கு 43 வரும், குறையே இல்லை. ஆனால் அதில் 400 மில்லி, யூரின் போக வைக்கிற லாசிக்ஸ் ஊசி போட்டவுடன் முதல் மூன்று மணி நேரத்தில் வந்தது. மீதி 9 மணி நேரத்துக்கும் சேர்த்து வந்தது வெறும் 120. சார்ட்டில் ஒவ்வொரு மணிக்கும் என் கையெழுத்தில்தான் இருந்தது. எழுதினேன், கூட்டினேன், பார்க்கவில்லை.

காலை ரிப்போர்ட்டில் கிரியாட்டினின், அதாவது கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் 0.9. லேப் தாளில் அச்சடித்திருக்கிற நார்மல் அளவுக்குள்தான் இருந்தது, அதனால் யாரும் நின்று பார்க்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் அவருக்கு 0.5. அன்று மதியம் ரத்தக்குழாய் பார்க்க கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி சிடி எடுத்தார்கள். சாயங்காலம் அமிக்காசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி ஒரு டோஸ் போனது. கிட்னி அடிபட்டிருக்கிறது என்று தெரிந்திருந்தால், கிட்னியை மேலும் பாதிக்கக்கூடிய இந்த இரண்டைப் பற்றியும் யாராவது ஒருமுறைக்கு இருமுறை யோசித்திருப்பார்கள். மறுநாள் காலை 2.1. அடுத்த நாள் டயாலிசிஸ். 16 நாள் கழித்துத்தான் அவருடைய கிட்னி திரும்ப வேலைக்கு வந்தது. நான் அன்று காலையே சொல்லியிருந்தால் டயாலிசிஸ் தேவைப்பட்டிருக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு முழு நாள் கையில் கிடைத்திருக்கும். அந்த ஒரு நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த 0.9-ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. கல்லீரல் நோயில் கையும் தொடையும் கரைந்து போனவருக்கு அது பிறக்கிறதே குறைவு. மஞ்சள் காமாலை அதிகமாக இருந்தால் சில லேப் முறைகளில் இன்னும் குறைத்துக் காட்டும். கிட்னி அடிபட்டு ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்துத்தான் ஏறவும் ஆரம்பிக்கும். ஆகவே அச்சடித்த நார்மலை வைத்து இவர்களைப் பார்க்கவே கூடாது, அவரவருடைய பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். 2012-இல் வந்த கேடிகோ (KDIGO) என்ற சர்வதேச கிட்னி அமைப்பின் வழிகாட்டுதல் இதைத்தான் சொல்கிறது: 48 மணி நேரத்துக்குள் 0.3 ஏறினாலே கிட்னி பாதிப்பு. அல்லது ஏழு நாளுக்குள் பழைய அளவைப்போல் ஒன்றரை மடங்கு. அல்லது ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லிக்குக் கீழே ஆறு மணி நேரம் யூரின் போவது. 60 கிலோ ஆளுக்கு அது மணிக்கு 30 மில்லி.

அப்புறம் யூரோமீட்டர். பெரிய பைக்கு முன்னால் இருக்கிற சின்ன டப்பா, மணிக்கு மணி அளக்க. குனிந்து கோடு கண்ணுக்கு நேராக வரும்படி பார்த்துப் படித்து, எழுதிவிட்டு, அப்புறம்தான் பெரிய பைக்குச் சாய்க்க வேண்டும். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் வரக்காப்பி நிறத்தில் அடியில் ஒரு விரற்கடை நிற்கும். வேலை நெருக்கடியில் இரண்டு மணி நேரத்தைச் சேர்த்து அளந்து பாதி பாதியாக எழுதுகிறவர்கள் உண்டு. சார்ட்டில் 30, 30, 30, 30 என்று வரிசையாக இருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மனித உடம்பு அப்படி அளந்து ஊற்றாது. புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் கண்டிப்பாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

போன வருடம் இன்னொருவர், மூன்றாவது ராத்திரி. அவரும் கிட்டத்தட்ட 60 கிலோ. 10 மணிக்கு 35 மில்லி, அப்புறம் 28, 26, 22, 18. யூரின் வருகிற கதீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா, ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்தேன், இல்லை. பிரஷர் சரி. வயிறு இறுகினாலும் கிட்னி நசுங்கும் என்பதால் மூத்திரப்பை வழியாக வயிற்று அழுத்தம் அளந்தேன், 11, அதுவும் சரி. மூன்று மணிக்கு 16 வந்ததும் டியூட்டி டாக்டரை எழுப்பினேன்.

"கிரியாட்டினின் நேத்து 0.8 தானே சிஸ்டர், நார்மல்."

"ஆபரேஷனுக்கு முன்னாடி 0.5 டாக்டர். அஞ்சு மணி நேரமா 30-க்குக் கீழே. காலையில டாக்ரோலிமஸ் டோஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி பெரிய டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

அவர் சார்ட்டை வாங்கி வரி வரியாகப் பார்த்தார். உடனே போன் செய்தார். காலை டோஸை நிறுத்திவைத்து ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ரத்தம் அனுப்பினோம். 11 மணிக்கு வந்தது: 17. நாங்கள் வைத்திருந்த இலக்கு 10-க்குள். முந்தின நாள் பூஞ்சைத் தொற்று வராமலிருக்க ஃப்ளூகோனசோல் ஆரம்பித்திருந்தோம், அது டாக்ரோலிமஸைக் கரையவிடாமல் ரத்தத்தில் தேக்கும்.

இப்போது நேரத்தோடு காட்டிக்கொடுக்கிற பரிசோதனைகள் வந்திருக்கின்றன. என்கேல் என்ற புரதம் கிட்னி அடிபட்ட சில மணி நேரத்திலேயே யூரினில் ஏறும். சிஸ்டாட்டின் சி என்பது ரத்தத்தில் பார்க்கிற இன்னொரு புரதம், கிரியாட்டினின் மாதிரி தசையை நம்பி இல்லாதது. இரண்டும் நல்லவைதான், எல்லா இடத்துக்கும் வரட்டும். ஆனால் தொற்று இருந்தால் என்கேல் ஏறும், ஸ்டீராய்டு கொடுத்தால் சிஸ்டாட்டின் ஏறும். எங்கள் நோயாளிகளில் ஸ்டீராய்டு வாங்காதவர் அபூர்வம். அதனால் இவை வந்தாலும் டார்ச்சை நான் கீழே வைக்கப் போவதில்லை.

அன்று அந்த ஐயா முழித்துக்கொண்டுதான் இருந்தார். "என்னம்மா, ராத்திரி பூரா கீழேயே குனிஞ்சு குனிஞ்சு பாக்கற?"

"உங்க கிட்னியப் பாக்கறேன் ஐயா."

மறுநாள் ராத்திரி நான் டார்ச்சோடு குனிந்ததும், அவரே கேட்டார். "இப்ப எவ்ளோ?"

"45."

"நேத்து?"

"16."

கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நான் எழுதிவிட்டு, டப்பாவைப் பெரிய பைக்குச் சாய்த்தேன்.