பாடநூல் பிடிஎஃப்-ல் தேடினால் விடை கிடைக்க: குரூப் 4 படிப்பவர்களுக்குச் சில கட்டளைவரிக் கருவிகள்

ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரை குரூப் 4, குரூப் 2 தேர்வுக்குப் படிப்பவர்களின் லேப்டாப்பில் பள்ளிப் பாடநூல் பிடிஎஃப்-கள் நிறைந்திருக்கும். அவற்றில் 'பாம்பன்' என்று தேடிப் பாருங்கள். அந்தச் சொல் பக்கத்தில் கண்முன்னே இருந்தாலும் சில கோப்புகளில் ஒன்றும் வராது. அவை யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அல்லாத எழுத்துருவில் தயாரானவை. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் புரியாத குறிகளாக விழும், அதுதான் சோதனை. குறிப்பெடுக்கத் தொடங்கும் முன்பே இதைச் சரிசெய்துவிட வேண்டும்.

அதற்கான கருவி ஓசிஆர்மைபிடிஎஃப். பக்கத்தைப் படமாகப் பார்த்து எழுத்தை வாசித்து (இதுதான் ஓசிஆர்), தேடக்கூடிய எழுத்தாகக் கோப்பில் சேர்க்கும்; டெர்மினலில் கட்டளையைத் தட்டச்சு செய்து ஓட்ட வேண்டும். உபுண்டு லினக்ஸில் (விண்டோஸ் என்றால், அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்-க்குள்) ஆப்ட் என்ற நிறுவும் கட்டளை வழியாக நிறுவலாம். எழுத்தை வாசிக்க அது பயன்படுத்தும் டெசராக்ட் என்ற மென்பொருளின் தமிழ் மொழிப் பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். இல்லையென்றால் மொழி இல்லை என்று நின்றுவிடும். மொழி விருப்பத்தில் (விருப்பம் என்பது கட்டளையோடு சேர்க்கும் 'ஆப்ஷன்') தமிழுக்கு டிஏஎம், ஆங்கிலத்துக்கு இஎன்ஜி இரண்டையும் கூட்டல் குறியால் இணைத்துக் கொடுங்கள்.

பலர் இடறுவது அடுத்த படியில். வெறுமனே ஓடவிட்டால் 'பக்கத்தில் ஏற்கெனவே எழுத்து இருக்கிறது' என்று பிழை வரும். உடனே ஸ்கிப் டெக்ஸ்ட் விருப்பத்தைச் சேர்ப்பார்கள். வேலை சட்டென்று முடியும், தேடல் பழையபடியே இருக்கும்; அந்தக் குப்பையையும் எழுத்தென்றே எண்ணிக் கருவி தாண்டிப் போயிருக்கும். இங்கே வேண்டியது ஃபோர்ஸ் ஓசிஆர். ஒவ்வொரு பக்கத்தையும் படமாக்கிப் புதிதாக வாசிக்கும். கோப்பு பெரிதாகலாம், மூலக் கோப்பை அழிக்காதீர்கள். 4 ஜிபி ரேம் என்றால் ஜாப்ஸ் (ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகள்) எண்ணிக்கையை 2 ஆக வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். இந்தக் கருவி முடிவுக் கோப்பைக் கடைசியில்தான் எழுதும், நடுவில் அணைந்தால் மறுபடி முதலிலிருந்துதான். ஆகவே முதலில் கியூபிடிஎஃப் கொண்டு பாடம் பாடமாக வெட்டிவிடுங்கள்: மூலக் கோப்பின் பெயர், பேஜஸ் விருப்பம், ஒரு புள்ளி, 40-62 என்று பக்க எண்கள், தனியாக இரட்டைக் கோடு (அடுத்தடுத்து இரண்டு ஹைபன்), புதுக் கோப்பின் பெயர். அந்த இரட்டைக் கோடு விட்டுப்போனால் பிழைதான்.

தேட பிடிஎஃப்கிரெப். 'என்' என்ற ஆங்கில எழுத்து விருப்பம் பக்க எண்ணைத் தரும், 'ஆர்' எழுத்து விருப்பம் கோப்புறை முழுவதையும் தேடும். காட்டுவது கோப்பின் பக்க எண், அச்சிட்ட எண் அல்ல. வெட்டிய கோப்பின் பெயரிலேயே தொடக்கப் பக்கத்தைச் சேர்த்துவிட்டால் குழப்பம் இல்லை.

தமிழுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. 'பாம்பன்' என்று புள்ளியோடு தேடினால் 'பாம்பனில்' அகப்படாது. 'பாம்பன' என்று கொடுத்தால் இரண்டும் வரும். 'ராமநாதபுர' என்றால் 'இராமநாதபுரம்', 'ராமநாதபுரத்தில்' எல்லாம் சிக்கும். எழுத்துமுறை மாறும் பெயருக்கு 'ராமே(ஸ்வ|சுவ)ர' என்று கொடுங்கள், ஒற்றை மேற்கோள் குறிக்குள். நடுவில் உள்ள செங்குத்துக் கோட்டுக்கு 'அல்லது' என்று பொருள். மேற்கோள் குறி இல்லாவிட்டால் ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) அடைப்புக்குறியையும் அந்தச் செங்குத்துக் கோட்டையும் தனக்கான குறிகளாக எடுத்துக்கொண்டு பிழை தரும். வரி முடிவில் உடைந்த சொல் தப்பிவிடும், அதனால் முதல் சில எழுத்துகளை மட்டும் வைத்தும் ஒருமுறை தேடுங்கள்.

சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் பதிவிறக்க ஏரியா2 போதும். கன்டினியூ விருப்பத்தோடு ஓட்டினால், சர்வர் இடம்கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும். கூடவே உருவாகும் சிறிய கட்டுப்பாட்டுக் கோப்பை இடையில் அழிக்காதீர்கள்.

நடப்பு நிகழ்வுகளின் பிடிஎஃப்-களையும் அதே கோப்புறையில் போடுங்கள். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் பாடநூலில் கிடைக்கலாம். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த செங்குத்துத் தூக்குப் பாலம் அதற்கு முந்தைய பதிப்பில் இருக்க வழியில்லை.