ஆறரை லட்சத்துக்குள் ஒரு கார்

4 அக்டோபர் 2025, சனி

எங்கள் சான்ட்ரோ காரின் ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, அடுத்த மாதம் முடிகிறது. 2010-இல் பதிவான வண்டி. பதினைந்து ஆண்டு ஆகிவிட்டால் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) எடுத்து, ஐயாயிரம் ரூபாய் கட்டி, பசுமை வரியும் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். அது போகட்டும் என்றால், அடியில் துருவேறிக் கிடக்கிறது. "எஃப்.சி.க்கு இதைத் தேற்றுகிற செலவை அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள் அக்கா" என்று மெக்கானிக் தம்பி சொல்லிவிட்டார்.

இரவு கணக்கு நோட்டை எடுத்தேன். ஆறரை லட்சம். வண்டி வாசலுக்கு வரும்வரை ஆகும் எல்லாச் செலவும் இதற்குள். கடன் கிடையாது. சான்ட்ரோவை விற்கும் பணமும் இதில் அடக்கம். இவர் உடனே சரி என்றார். இவ்வளவு சீக்கிரம் சரி என்றாரே என்றுதான் கவலையாக இருந்தது.

8 அக்டோபர், புதன்

கவலை வீண்போகவில்லை. பழைய எர்டிகா பார்க்கலாம் என்கிறார். இந்தப் பணத்துக்குப் புதிதாக வாங்கினால் சின்ன வண்டி, பழையதாக வாங்கினால் ஏழு பேர் போகலாம். மதுரையிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்தால் திருச்செந்தூருக்கு ஒரே வண்டியில் போய்விடலாம் என்று வாதம். அவர்கள் வருவது பொங்கலுக்கும் ஆடிக்கும். அந்த இரண்டு நாளும் வேன் வைத்துக்கொள்வோம், செலவை நான் தருகிறேன் என்றேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவின் அகலத்தையும் நினைவூட்டினேன். பார்ப்பதில் என்ன நஷ்டம் என்கிறார். பார்க்கலாம்.

12 அக்டோபர், ஞாயிறு

பழைய வண்டிக் கடை. 2017 எர்டிகா, டீசல். வெளியே கண்ணாடிபோல் பாலிஷ். தூத்துக்குடிப் பதிவெண் என்றதும் மெக்கானிக் தம்பி ஓட்டிப் பார்க்கக்கூட இல்லை; நேரே பின் இருக்கைக்குப் போய் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். மேலே சுத்தம். சுருளுக்குள் கிடந்த பகுதியில் காய்ந்த சேறு, கோடு போட்டதுபோல. இருக்கைக்கு அடியில் இரும்புத் தண்டவாளம் பழுப்பேறியிருந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யார் மறப்பார்கள்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீ.க்கு மேல் பெய்த மழை அது. தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது எத்தனை வண்டிகள் மூழ்கின! நீரில் நின்ற வண்டியில் வயரிங்கும் மின்னணுப் பெட்டிகளும் எப்போது மக்கர் செய்யும் என்று சொல்லவே முடியாதாம். கடைக்காரர் "கார் வாஷில் பட்டது" என்றார். கார் வாஷில் எங்கே சேறு?

18 அக்டோபர், சனி

அத்தையை அழைத்துக்கொண்டு ஷோரூம்களுக்குப் போனோம். அவருக்கு மூட்டுவலி; வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போவது அவர்தான். அவர் ஏறி இறங்க முடியாத வண்டி எத்தனை கிலோமீட்டர் கொடுத்தால் என்ன?

டியாகோ அழகு. ஆனால் பள்ளத்தில் உட்கார்வதுபோல் இருக்கிறது என்று அத்தை எழவே சிரமப்பட்டார். வேகன் ஆர் அவருக்குப் பிடித்துவிட்டது. நாற்காலி உயரத்தில் இருக்கை, தலையும் இடிக்கவில்லை. சி.என்.ஜி. வேண்டாமென்று அங்கேயே முடிவு செய்தோம். சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொண்டால் அத்தையின் வாக்கரை எங்கே வைப்பது?

அடுத்து டாடா பஞ்ச். கதவு 90 டிகிரி திறக்கிறது. அத்தை முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். யாரும் கை கொடுக்கவில்லை.

19 அக்டோபர், ஞாயிறு

நாளை தீபாவளி. முறுக்குப் பிழியும்போதும் கார்ப் பேச்சுதான். ஜி.எஸ்.டி. வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்த பிறகு, வேகன் ஆரின் நடுத்தர வகையும் பஞ்சின் அடிப்படை வகையும் ஐந்தரை லட்சத்தை ஒட்டி நிற்கின்றன. முன்னதில் பாட்டு கேட்கலாம். பின்னதில் மியூசிக் சிஸ்டம் இல்லை. பின் கண்ணாடியைக் கையால் சுற்ற வேண்டும். பிள்ளைகள் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை.

குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2021-இல் பஞ்ச் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2023-இல் வேகன் ஆருக்கு ஒன்று. இப்போது வேகன் ஆரில் ஆறு ஏர்பேக் தருகிறார்களே என்று இவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சோதனையில் வண்டியின் கூடே உறுதியாக இல்லை என்று எழுதியிருந்தார்கள். காற்றுப்பை கூடினால் கூடு மாறிவிடுமா? நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே மதுரை வரை போகிறவர்கள் நாங்கள். பாட்டை அடுத்த ஆண்டு வெளியில் போட்டுக்கொள்ளலாம்.

25 அக்டோபர், சனி

பஞ்ச் பதிவு செய்தாயிற்று. சாலை வரி 13 சதவீதம், அதுவே எழுபதாயிரத்தைத் தாண்டுகிறது. விலைப்பட்டியலில் "ஹேண்ட்லிங்" என்று ஒரு வரி இருந்தது. எதைக் கையாளுவதற்கு என்று கேட்டேன். மேலாளரிடம் போய்விட்டு வந்து அடித்துவிட்டார்கள். காப்பீட்டை வெளியில் எடுக்கிறோம். சான்ட்ரோவுக்கு முழுக் காப்பீடு விடாமல் கட்டி, இழப்பீடு கேட்காமலே இருந்ததால் 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதாவது காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி, உண்டு. அது வண்டிக்குச் சொந்தமில்லை, உரிமையாளருக்குச் சொந்தம். விற்றதும் சான்றிதழ் வாங்கிப் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

1 நவம்பர், சனி

சான்ட்ரோவை நாற்பதாயிரத்துக்கு ஒருவர் கேட்டிருக்கிறார். பெயர் மாற்றம் முடியும்வரை சாவியைத் தருவதாயில்லை. நோட்டில் மிச்சம் இரண்டாயிரத்துச் சொச்சம். மிதியடி வாங்க வேண்டும் என்கிறார் இவர்.