அவர்கள் நம்மிடம் என்ன கேட்கிறார்கள்: அம்மாவுக்காக ஹாஸ்பிஸ் தேடிய அனுபவம்

அம்மாவுக்குக் கன்னத்தின் உள்பக்கத்தில் புற்றுநோய். டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த காலம் முழுக்க வாயில் வெற்றிலையும் புகையிலையும் இருந்தது. குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை. கோயம்புத்தூரில் ஆபரேஷன், கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு சிகிச்சை) எல்லாம் முடிந்தது. ஆனால் நோய் திரும்பி வந்து, கழுத்துக் கட்டி வெளியே புண்ணாகிவிட்டது. "இனிமே கீமோ அவங்க உடம்பு தாங்காதும்மா, வீட்டுல வெச்சுப் பாத்துக்கோங்க" என்றார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் பேலியேட்டிவ் கேர் (வலியையும் மற்றக் கஷ்டங்களையும் தணிக்கும் சிகிச்சை) என்று இருந்தது. யாரிடம் போவது, எங்கே இருக்கிறது என்றெல்லாம் அதில் ஒன்றும் இல்லை.

எங்கள் வீடு கோத்தகிரி பக்கம். தம்பியும் தங்கையும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அம்மாவோடு இருந்தது நான் மட்டும்தான், நானும் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலைக்குப் போகிறவள். அதே மாதிரி ஒரு சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு மலை ஏறி வருகிற அடுத்தவருக்காக இதை எழுதுகிறேன்.

கடைசிக் காலத்தில் இருக்கும் நோயாளியை வலி தணித்துப் பார்த்துக்கொள்ளும் இடத்தையோ சேவையையோதான் ஹாஸ்பிஸ் என்கிறார்கள். அது நல்லதா என்று பார்க்க ஆளாளுக்கு ஒரு கேள்வி சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு போன இடத்தில் எல்லாம் கேட்டேன். கேட்டதும் நல்லதுதான். ஆனால் எனக்குத் தெளிவு வந்தது, அவர்கள் என்னிடம் திருப்பிக் கேட்டவற்றிலிருந்து.

முதலில் போனது அடிவாரத்தில் இருந்த ஒரு கட்டண இல்லத்துக்கு. கட்டடம் புதிது, தரை பளபளவென்று இருந்தது. வரவேற்பில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். அம்மாவின் ஆதார், எத்தனை மாதத்துக்கு முன்பணம் கட்டுவோம், கையெழுத்துப் போடுவது யார், இவ்வளவையும் கேட்டார். அம்மாவுக்கு எங்கே வலி, ராத்திரி தூங்குகிறார்களா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கடும் வலிக்கான மருந்தை மனதில் வைத்து, "மார்ஃபின் வெச்சிருக்கீங்களா?" என்றேன். "தேவைப்பட்டா டாக்டர் எழுதித் தருவாரு" என்றார்கள். அந்தப் பதிலில் ஒன்றும் இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. அறைகளைச் சுற்றிக் காட்டியபோது ஒரு பாட்டியைப் பார்த்தேன். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. தண்ணீர்ச் செம்பு எதிர்ச் சுவர் ஓரமாக, அவர் கைக்கு எட்டாத மேஜையில் இருந்தது. பார்வை நேரம் சாயங்காலம் ஒரு மணி நேரம். கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்து இறங்கிப் போகிறவளுக்கு அது எந்தக் கணக்கிலும் வராது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இப்படி ஒரு இடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் படுத்திருப்பவர்களின் உதட்டையும் நகத்தையும் பாருங்கள். அப்புறம் கூப்பிடும் மணி அவர்கள் கையருகே இருக்கிறதா என்று பாருங்கள். தரையை யார் வேண்டுமானாலும் துடைத்துவிடலாம்.

அடுத்து, வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சி. வந்த பெண் நல்ல பெண்தான், பாவம், புண்ணைப் பார்க்கவே பயந்தாள். அவளுக்கு மேலே நர்ஸ் என்று யாரும் இல்லை, டாக்டரும் இல்லை. ராத்திரி அந்த நம்பரை அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். அதுவும் நின்றது.

இதற்கிடையே எங்கள் பகுதிக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அக்கா ஒரு விஷயம் சொன்னார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தை நாங்கள் பிரஷர், சுகர் மாத்திரைத் திட்டம் என்றுதான் நினைத்திருந்தோம். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க பேலியேட்டிவ் நர்சும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருவதும் அதில் சேர்த்தி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தேன். நர்ஸ் வந்தார், டிரெஸ்ஸிங் சுத்தமாகச் செய்தார். மலையில் ஜீப்பில் வந்து வீட்டு சிகிச்சை செய்யும் ஓர் அறக்கட்டளையின் நம்பரையும் அவர்தான் கொடுத்தார்.

அந்த நம்பருக்குப் போன் செய்தபோது நோட்டைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. எடுத்த சிஸ்டர் கேட்டார்: "அக்கா, அம்மா இப்ப தூங்குறாங்களா? ராத்திரி எத்தனை தடவை முழிக்கிறாங்க? மோஷன் போய் எத்தனை நாள் ஆச்சு? வாய் எவ்வளவு திறக்குது? மூக்கு டியூப் போட்டிருக்கா? அவங்களைத் தூக்கித் திருப்ப வீட்டுல யார் இருக்கா? நீங்க எப்ப தூங்குறீங்க?" கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது.

முதல் வருகையில் டாக்டரும் சிஸ்டரும் வந்தார்கள். ஃபைலை அப்புறம்தான் பார்த்தார்கள். சிஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்குப் பேச்சு குழறும். "அம்மா, வலியே இல்லைன்னா கையை மூடிக்கோங்க. தாங்கவே முடியலைன்னா பத்து விரல். இப்ப எத்தனை?" என்று கேட்டார். அம்மா எட்டு விரல் காட்டினார். கொஞ்சம் யோசித்து ஒன்பதாவது விரலையும் நீட்டினார். அதுவரை நான் "வலிக்குதாம்மா" என்று கேட்டபோதெல்லாம் அம்மா தலையை ஆட்டி இல்லை என்பார். எனக்குக் கஷ்டம் கொடுக்கக்கூடாது என்று.

மார்ஃபினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு ஹாஸ்பிஸின் தரத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தால் இந்த மருந்தை வைத்திருக்கப் பல லைசென்ஸ்கள் தேவைப்பட்டன. பல மருத்துவமனைகள் வாங்கி வைக்கவே அஞ்சின. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, பயிற்சி பெற்ற டாக்டர் இருக்கும் நிறுவனம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அங்கீகாரத்தோடு வைத்திருக்கலாம் என்று எளிதாக்கினார்கள். அதனால் கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: அந்த அங்கீகாரம் இருக்கிறதா? இன்றைக்கு மாத்திரை கையிருப்பில் இருக்கிறதா? முதல் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டு இரண்டாவதில் மழுப்பும் இடமும் உண்டு.

எங்கள் டாக்டர் கோழிக்கோட்டில் பயிற்சி எடுத்தவர். 1993-ல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் கூட்டாளிகளும் வலி நிவாரணச் சங்கம் தொடங்கிய ஊர் அது. வலி வந்தபின் மாத்திரை கொடுப்பது தப்பு என்று எங்கள் டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். நடுவில் வலி பீறிட்டால் கொடுக்க ஒரு கூடுதல் அளவை எழுதி வைத்திருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த சீட்டில் இரண்டும் இருந்தன, கூடவே மலம் இளகுவதற்கான மாத்திரையும் இருந்தது. மார்ஃபின் மலச்சிக்கலைக் கொண்டுவந்தே தீரும். அந்த மாத்திரையை எழுதாமல் மார்ஃபின் மட்டும் எழுதிக்கொடுப்பவர்களுக்கு இந்த வேலை பழக்கமில்லை என்று தைரியமாக முடிவு செய்யலாம். "அது போட்டா சீக்கிரம் போயிருவாங்களாமே" என்று சித்தி பயந்தபோது டாக்டர் கோபப்படவில்லை. சித்தியையும் உட்கார வைத்து, முதல் சில நாள் மயக்கமாக இருக்கும், குமட்டலாம், அப்புறம் சரியாகும், குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினால் இது உயிரைப் பறிக்காது என்று விளக்கினார். அந்த வாரக் கடைசியில் அம்மா மூன்று விரல் காட்டினார். ராத்திரி தூங்கவும் செய்தார்.

அப்புறம் நாற்றம். கழுத்துப் புண் நாறும், அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், வந்து பார்ப்பவர்கள் வாசலோடு போய்விடுவார்கள். சிஸ்டர் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவக் கற்றுக்கொடுத்தார். சில நாட்களில் நாற்றம் நன்றாகக் குறைந்தது, பக்கத்து வீட்டு அக்கா மறுபடி கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். மலிவான மாத்திரைதான். முன்பு போன இரண்டு இடத்திலும் இதைச் சொல்ல ஆளில்லை.

இனி மலைக்கு மட்டுமான விஷயம். சமவெளிக்காரர்களின் கேள்விப் பட்டியலில் இது இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் ரோடு எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. 2009 நவம்பரில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் செத்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. மரம் விழுந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் ஏர் பெட்டின் (படுக்கைப் புண் வராமல் இருக்கப் போடும் காற்று மெத்தையின்) மோட்டார் நிற்கும், ஆக்சிஜன் மெஷினும் நிற்கும். இதை எப்படிச் சமாளிப்பார்கள் என்று கேட்க நோட்டில் எழுதி வைத்திருந்தேன், அவர்களே முந்திக்கொண்டார்கள். மழைக்காலத்தில் மாத்திரையைச் சற்றுக் கூடுதல் நாளுக்குக் கொடுத்து, எத்தனை கொடுத்தோம் என்று பதிவேட்டில் எழுதினார்கள். கரண்ட் இல்லாதபோது ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவை எப்படித் திருப்புவது, எங்கே தலையணை வைப்பது என்று என் கையாலேயே செய்ய வைத்தார்கள். செல் சிக்னல் எங்கள் வீட்டில் எந்த மூலையில் கிடைக்கும் என்றுகூடக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

ராத்திரியைப் பற்றி நான் கேட்டபோது வந்த பதில்தான் எனக்கு முழு நம்பிக்கையைக் கொடுத்தது. "போனை எப்பவும் எடுப்போம்க்கா. ஆனா ராத்திரி வர்றது கஷ்டம். உங்க பாதையில காட்டெருமையும் கரடியும் நடமாடுது, பனி இறங்கிட்டா ஜீப் ஓட்ட முடியாது. விடிஞ்சதும் வந்துருவோம். அதுவரைக்கும் நீங்க என்ன செய்யணும்னு இப்பவே சொல்லித் தர்றோம்." இருபத்து நாலு மணி நேர சேவை என்று அச்சடித்த நோட்டீசை அதற்கு முன்னால் பார்த்திருந்தேன். தன்னால் முடியாததை முன்கூட்டியே சொல்லி, அதற்கு மாற்று வழியும் கொடுப்பவர்களை நம்பலாம்.

அந்த மாற்று வழி ஒரு சின்னப் பெட்டி. கூடுதல் அளவு மாத்திரை, பஞ்சு, கையுறை, கரு நீலத்தில் தடிமனான ஒரு துணி. துணி எதற்கு என்று கேட்டேன். சிஸ்டர் என்னை வாசலுக்குக் கூட்டிப் போய்ச் சொன்னார்: "கழுத்துல ரத்தக் குழாய் பக்கத்துல கட்டி இருக்குக்கா. திடீர்னு ரத்தம் வரலாம், வராமலும் போகலாம். வந்தா இதை வெச்சு அழுத்திக்கோங்க. வெள்ளைத் துணியில ரத்தத்தைப் பார்த்தா அம்மாவும் பயந்துருவாங்க, நீங்களும் கை நடுங்கிப் போயிருவீங்க. தனியா விடாதீங்க, கையைப் பிடிச்சுக்கோங்க." கடைசி வரை அந்தத் துணிக்கு வேலை வரவில்லை. ஆனால் அதைப் பற்றி என்னிடம் பேசத் துணிந்தவர்களிடம் அம்மாவை ஒப்படைக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. வரப்போவதைச் சொல்லாமல் மறைப்பது இரக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவிடமும் நேராகவே கேட்டார்கள், "உங்களுக்கு எது முக்கியம்?" என்று. அம்மா சொன்னது இரண்டு: மறுபடி கோயம்புத்தூருக்குக் கொண்டுபோக வேண்டாம், டீ வேண்டும். வாய் வழியாக எதுவும் இறங்காத நிலை, எல்லாம் மூக்கு டியூபில்தான். சிஸ்டர் பஞ்சை டீயில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, நாக்கிலும் உதட்டிலும் தொட்டு வைத்தார். அப்புறம் தினமும் காலையில் அதை நான் செய்தேன். ஐசியு வேண்டாம், வென்டிலேட்டர் வேண்டாம் என்று அம்மா சொன்னதை டாக்டர் ஃபைலில் எழுதி, தம்பி தங்கையிடமும் போனில் பேசினார். இப்படிச் சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முறையாகப் பத்திரமாக எழுதுவதானால் இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும் என்று 2023-ல் அதை எளிதாக்கினார்கள். எங்களுக்கு அது வரை போக வேண்டியிருக்கவில்லை, குடும்பத்தில் எல்லாரும் ஒத்துப்போனோம். பிள்ளைகளுக்குள் ஒத்துவராத வீடுகளில் எழுதி வைப்பது நல்லது.

குறை இல்லாமல் இல்லை. டாக்டர் அடிக்கடி வர முடியவில்லை, ஒருவரே பல ஊர்களைப் பார்க்கிறார். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அம்மாவோடு உட்கார ஆள் தர அவர்களால் முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் முறை போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பணம் கேட்கவில்லை, முடிந்ததைக் கொடுங்கள் என்றார்கள்.

இன்னொரு கேள்வியையும் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டிலேயே இறந்தால் இறப்புக்கான காரணத்தை எழுதி டாக்டர் சான்று தருவாரா? அது இல்லாவிட்டால் துக்கத்தோடு அலைய வேண்டும். அம்மா விடியற்காலையில் இறந்தார். சொன்னபடி வெளிச்சம் வந்ததும் ஜீப் வந்தது. டாக்டர் பார்த்துச் சான்று எழுதித் தந்தார். அதை வைத்து வி.ஏ.ஓ. அலுவலகத்தில் பதிந்தோம், 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. காரியம் முடிந்த அப்புறம் சிஸ்டர் ஒருமுறை வந்தார். மீதி மார்ஃபின் மாத்திரைகளை என் கண் முன்னால் எண்ணிப் பதிவேட்டில் எழுதி, என் கையெழுத்தை வாங்கித் திருப்பி எடுத்துக்கொண்டார். ஏர் பெட்டையும் கட்டபெட்டு பக்கம் யாருக்கோ தேவைப்படுகிறது என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்கு வயநாடு கூப்பிடு தூரம். கேரள அரசு 2008-லேயே இதற்கென்று கொள்கை கொண்டுவந்துவிட்டதால் அங்கே பஞ்சாயத்து வரை இந்த வேலை நடக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் விசாரித்தாலும் வழி சொல்வார்கள். கோத்தகிரி, குன்னூர், ஊட்டிக்காரர்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேலியேட்டிவ் நர்சைக் கேளுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டுபோங்கள், பெயர் எழுதிக்கொண்டு போவதைவிட அது சுலபம்.