மார்கழியில் எழுதியவை

டிசம்பர் 17
மேல் பித்தானை அம்மாதான் போட்டுவிட்டார்.

டிசம்பர் 20
வைத்தீஸ்வரன் கோயில் சாந்துருண்டையோடு அத்தை வந்தார். "போன ஜென்மத்துப் பாவம்ப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உருண்டையை வாயில் போட்டுக்கொண்டேன்.

அவர் போன பிறகும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. 1963இல், தசையை இயக்கும் நரம்பு செல்கள் சாகும் இதே ஏ.எல்.எஸ். நோய் என்று தெரிந்தபோது இயற்பியல் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வயது 21. இரண்டு ஆண்டுதான் இருப்பார் என்றார்கள். பிரபஞ்சம் விதிகளின்படி நடக்கிறது, மூளை பாகங்கள் பழுதானால் நின்றுபோகும் கம்ப்யூட்டர் என்பதுதான் அவர் பார்வை. சொர்க்கம், நரகம் எதுவும் கிடையாது. இதைப் பலர் வறட்சி என்கிறார்கள். எனக்கு இதில்தான் ஆறுதல். என் நரம்பு செல்கள் சாகின்றன, அவ்வளவுதான். பெயர் பார்த்து யாரும் என்னைத் தண்டிக்கவில்லை. அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது?

டிசம்பர் 21
தூக்கம் இல்லை.

டிசம்பர் 26
"ஹாக்கிங் 76 வயசு வரைக்கும் இருந்தாரே!" இன்றும் ஒருவர். அவருக்கு நோய் மிக மெதுவாக நகர்ந்தது, அது அபூர்வம். பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகள் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். எனக்கு அவருடைய ஆயுள் வேண்டாம், அவர் வேலை பார்த்த விதம் வேண்டும். கையால் எழுத முடியாமல் போனதும் கணக்கை வடிவங்களாக மனதில் போட்டுப் பார்க்கப் பழகினார். 1970 நவம்பர், மகள் லூசி பிறந்த சில நாட்களில் ஓர் இரவு. அவர் படுக்கையில் ஏறிப் படுக்கவே நெடுநேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், ஒளிகூடத் தப்ப முடியாத கருந்துளையின் எல்லைப் பரப்பு குறையவே முடியாது என்பது பிடிபட்டது. இரண்டு கருந்துளைகள் ஒன்றானால் புதியதன் பரப்பு அவை இரண்டின் கூட்டுத்தொகைக்குக் கீழே போகாது. 1974இல் அவரே அதையும் தாண்டிப் போனார்: கருந்துளையிலிருந்து கதிர்வீச்சு கசியும், அது மெல்லச் சுருங்கும்.

எனக்கும் படுக்க நேரமாகிறது இப்போது.

டிசம்பர் 28
சாக்பீஸ் நிற்கவில்லை. நான் சொல்லச் சொல்ல பத்தாம் வகுப்புப் பெண் போர்டில் வரைந்தாள். தேல்ஸ் தேற்றம். இத்தனை வருடம் நடத்தியும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஜனவரி 3
யாரையும் பிடிக்கவில்லை, ஹாக்கிங்கையும். அவருக்கு கேம்பிரிட்ஜ் இருந்தது, நர்ஸ்கள் இருந்தார்கள். இங்கே மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

ஜனவரி 8
அவர் பிறந்த நாள். 1942, கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டுகள் கழித்து. பிசியோதெரபிக்குப் போகும்போது ஆட்டோவைக் கடற்கரைச் சாலை வழியாக விடச் சொன்னேன். மாநிலக் கல்லூரியின் சிவப்புக் கட்டடம். அங்கே படித்த இயற்பியல் விஞ்ஞானி சந்திரசேகர் 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, 19 வயதில் போட்ட கணக்கு: எரிந்து முடிந்து சுருங்கிய வெள்ளைக் குள்ளன் விண்மீனுக்கு எடை வரம்பு உண்டு, சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்ற கேள்விதான் கடைசியில் கருந்துளை வரை கொண்டுபோனது. ஆட்டோக்காரரிடமும் சொன்னேன். "நம்ம பீச்சாண்டயா சார்?" என்று திரும்பிப் பார்த்தார். வெகு நாள் கழித்து நல்ல நாள்.

ஜனவரி 11
'ர' குழறுகிறது. பையன்கள் திரும்பக் கேட்கிறார்கள்.

1985இல் ஜெனீவாவில் நிமோனியா வந்து, தொண்டையில் துளை போட்டதில் ஹாக்கிங்கின் பேச்சு போனது. பிறகு கருவியின் குரல். அதைவிட நல்ல குரல்கள் வந்தபோதும் அவர் மாற்றவில்லை. என் குரலை இப்போதே பதிவு செய்து வைக்கச் சொல்கிறார் டாக்டர்.

ஜனவரி 14
போகிப் புகை, இருமல். பதிவு இல்லை.

ஜனவரி 17
தொடங்கியாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் போனைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, காபி." "ஃபேனைக் குறை." "வலிக்கல." அப்புறம் தேல்ஸ் தேற்றம் முழுவதும், நிரூபணத்தோடு. பிதாகரஸ் பாதியில் நிற்கிறது. நாளை காலை, தொண்டை தெளிவாக இருக்கும்போது