பின்னி மில்லும் பத்து நிமிடமும்

சென்னையில் பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரிப் பக்கம் பெரியவர்களிடம் ‘மில்’ என்றால் ஒன்றுதான்: பின்னி கம்பெனி நடத்திய பி அண்ட் சி மில். 1876-ல் பக்கிங்ஹாம் மில் வந்தது. பத்தாண்டுக்குள் கர்நாடிக் மில். 1920-ல் இரண்டும் ஒரே கம்பெனியாயின. 1996-ல் மூடியாயிற்று, நிலத்தில் இன்று அடுக்குமாடிகள்.

மில்லுக்குப் பேர் வாங்கித் தந்தது காக்கி டிரில் என்ற சீருடைத் துணி. பாவு என்கிற நீளவாட்டு இழை, ஊடை என்கிற குறுக்கிழை இரண்டுக்கு மேல் போய் ஒன்றின் கீழ் இறங்கும். அடுத்த பாவு ஒரு ஊடை தள்ளி அதையே செய்யும். அதனால்தான் துணியில் சாய்வு வரி. வெயிலுக்கும் சலவைக்கும் மங்காத காக்கிக்கு அக்காலத்தில் பேர்போன வழி உலோகச் சாயம். இரும்பு உப்பும் குரோமிய உப்பும் கரைத்த நீரில் துணியைத் தோய்த்து, உலர்த்தி, கொதிக்கும் காரக் கரைசலில் விடுவார்கள். இரும்பு பழுப்பாகவும் குரோமியம் பச்சையாகவும் நூலிலேயே படியும். விகிதம் கொஞ்சம் பிசகினாலும் ஒரு தானுக்கும் (துணிச் சுருளுக்கும்) அடுத்த தானுக்கும் நிறம் ஒத்துப்போகாது. சீருடைத் துணிக்கு அதைவிடப் பெரிய குறை கிடையாது. உலர்த்தும்போது ஈரம் ஒரு பக்கம் தேங்கினால் திட்டு விழும். துணியும் விறைப்பாகி, தையல் ஊசி சீக்கிரம் மழுங்கும்.

தறிக்கூடத்தில் காற்று வறண்டால் கஞ்சி போட்ட பாவு நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் ஈரப்பதத்தைக் குறையவிட மாட்டார்கள். சென்னைப் புழுக்கத்துக்கு மேல் அந்தப் புழுக்கம். 1911 தொழிற்சாலைச் சட்டப்படி ஆண்களை நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். சாப்பாட்டுக்கு அரை மணி. அதை 40 நிமிடமாக்குங்கள் என்பது தொழிலாளர்கள் முதலில் எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று. கேட்டது பத்தே நிமிடம்!

செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு முயற்சியில் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அன்னி பெசன்டின் கூட்டாளி பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. தோள்கொடுத்தார். 1920-ல் கம்பெனி மில்லை மூடித் தொழிலாளர்களை வெளியே நிறுத்தும் கதவடைப்பு வந்தது. வாடியா மேல் கம்பெனி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டுத் தடையுத்தரவு வாங்கியது. சங்கம் நடத்துகிறவர்களுக்கு இதுபோன்ற வழக்கிலிருந்து பாதுகாப்பு 1926 தொழிற்சங்கச் சட்டத்தில்தான் கிடைத்தது.

1921 வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆகஸ்ட் 29 போலீஸ் துப்பாக்கிச்சூட்டைச் சொல்லாமல் விடுவதில்லை. சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த மாதங்களிலேயே ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைநிறுத்தத்தில் சேராமல் வேலைக்குப் போனதும், சாதிப் பகை மூண்டு புளியந்தோப்பில் அவர்கள் குடிசைகள் எரிந்ததும் இதே மில்லின் வரலாறுதான். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுச் சங்கத்தின் பெருமையை மட்டும் எழுதுவது நியாயமில்லை.