'ஈஸ்' ஆல்பம்: குரல் பிடிக்கவில்லை என்பவர்கள் கையைக் கேட்டார்களா?

ஹார்ப் என்ற தந்தி வாத்தியத்தை வாசித்தபடி பாடும் அமெரிக்கப் பாடகி ஜோவன்னா நியூசமின் 'ஈஸ்' ஆல்பத்தைக் கேட்டவர்கள் இரண்டு கட்சிதான். முதல் பாட்டு மூன்று நிமிடம் ஓடுவதற்குள் நிறுத்திவிட்டு "இது என்ன குரல்?" என்று கேட்பவர்கள் ஒரு கட்சி. வருடக்கணக்காக அதையே திரும்பத் திரும்பக் கேட்டு, வரி வரியாகப் பொருள் பிரித்துக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு கட்சி. நடுவில் நிற்பவர்கள் குறைவு. 2006 நவம்பரில் ஆல்பம் வந்தபோதும் இதே கதைதான். பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இணையதளம் பத்துக்கு 9.4 கொடுத்தது. அதைப் பார்த்து ஆசையாக வாங்கியவர்களில் பலர் முதல் பாட்டையே தாண்டவில்லை.

இரண்டு கட்சிக்கும் காது ஒன்றுதான். வித்தியாசம், எதைக் கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது. குரலைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் குரலை மட்டும் கேட்டவர்கள். இந்த ஆல்பத்தில் குரலைப் பிடித்து நிறுத்துவது ஹார்ப் வாசிக்கும் இரண்டு கைகள். அந்தக் கைகள் காதில் விழாவிட்டால் குரல் அந்தரத்தில் தொங்கும்.

முதலில் வாத்தியத்தைப் பார்த்துவிடலாம். நியூசம் வாசிப்பது பெடல் ஹார்ப். 47 தந்திகள், 7 பெடல்கள். மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் ஸி தந்திகள் சிவப்பு, எஃப் தந்திகள் கறுப்பு அல்லது கருநீலம்; இந்த நிற அடையாளம் இல்லாவிட்டால் 47 தந்திக்குள் விரல் வழி தவறிவிடும். இடது காலுக்கு டி, ஸி, பி என்று மூன்று பெடல்கள்; வலது காலுக்கு இ, எஃப், ஜி, ஏ என்று நான்கு. ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலைகள். மேலே இருந்தால் ஃபிளாட் (அரை ஸ்வரம் கீழே), நடுவில் நேச்சுரல் (இயல்பான ஸ்வரம்), அடியில் ஷார்ப் (அரை ஸ்வரம் மேலே). ஒரு பெடலை மிதித்தால் அந்த ஸ்வரத்தின் கிட்டத்தட்ட எல்லாத் தந்திகளும், எந்த ஸ்தாயியில் இருந்தாலும், ஒரே நேரத்தில் மாறும். தந்தி இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும்போது மிதித்துவிட்டால் 'கர்' என்று ஓர் இரைச்சல் வரும். அதனால் பாட்டு ஒரு சுருதிவரிசையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, வாயும் விரலும் வேலையாக இருக்க, காலும் கணக்குத் தவறாமல் நகர வேண்டும். வாசிப்பது கைக்கு நான்கு விரல்களால், சுண்டுவிரல் சேராது.

இந்த வாத்தியத்தின் இரண்டு குணங்கள் குரலை நேரடியாகப் பாதிக்கின்றன. ஒன்று, வீணையில் தந்தியை இழுத்து ஸ்வரத்தை வளைப்பதுபோல இதில் வளைக்க முடியாது. நம் பழைய யாழும் இந்தக் குடும்பம்தான்; வீணையில் இருப்பதுபோல மெட்டுக்கட்டை கிடையாது, ஒரு தந்திக்கு ஒரு ஸ்வரம். ஆகவே வளைவு, நெளிவு, சறுக்கல் எல்லாவற்றையும் குரலே செய்தாக வேண்டும். அசையாத தந்திகளுக்குப் பக்கத்தில் குரல் நெளியும்போது அந்த நெளிவு இரண்டு மடங்காகத் தெரியும். இரண்டாவது, மீட்டிய ஒலி உடனே தேய ஆரம்பித்துவிடும். பாடகி ஓர் எழுத்தை நீட்டிப் பிடிக்கும்போது அடியில் தாங்க ஒன்றும் மிச்சம் இருக்காது. ஹார்மோனியமோ வயலினோ பக்கத்தில் ஓடினால் குரலின் கரகரப்பை ஓரளவு மூடிவிடும். ஹார்ப் மூடாது. மூச்சு, பிசிறு, மேல்குரலுக்குத் தாவும்போது கேட்கும் அந்தச் சின்ன உடைவு, எல்லாம் வெளிச்சத்தில் வந்து நிற்கும்.

"குழந்தைக் குரல்" என்று பலர் சொன்னார்கள். 2004இல் வந்த முதல் ஆல்பத்துக்கு அந்தப் பேச்சு ஓரளவு பொருந்தியிருக்கலாம். 'ஈஸ்' ஆல்பத்துக்குப் பொருந்தாது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிப் பாடகிகளின் பாணியை அவர் ஊன்றிக் கேட்டவர். வர்ஜீனியாவின் நாட்டுப்புறப் பாடகி டெக்ஸஸ் கிளாடன் தன்மேல் செலுத்திய பாதிப்பைச் சொல்லியிருக்கிறார். கிளாடனின் பழைய ஒலிப்பதிவுகளை ஒரு தடவை கேட்டுவிட்டு வந்தால், இந்த உடைவு ஒரு மரபின் பழக்கம் என்பது புரிந்துவிடும். 2009இல் குரல்நாணில் முடிச்சு வந்து நியூசம் மாதக்கணக்கில் பேசாமலே இருக்க வேண்டி வந்தது. அதற்குப் பின் 2010இல் வந்த மூன்று தட்டு ஆல்பத்தில் குரல் கனிந்து, ஓரங்கள் மழுங்கியிருக்கும். 'ஈஸ்' குரல் தாங்கவில்லை என்பவர்களில் சிலருக்கு அது சுலபமாகப் பிடித்துவிடுகிறது. மாறாக, 'ஈஸ்' ரசிகர்களில் சிலர் அந்தக் கூர்மை போய்விட்டதே என்று வருந்துகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் நியாயமாகவே படுகிறது.

இனி கைகள். கோரா என்ற மேற்கு ஆப்பிரிக்க வாத்தியத்திலிருந்து வந்த ஒரு வாசிப்பு முறையை நியூசம் சின்ன வயதிலேயே கற்றவர். ஒரு கை மூன்றாகப் பிரிக்கும் அதே நேரத்தை மற்றக் கை நான்காகப் பிரிக்கும். நம் மொழியில் சொன்னால் திஸ்ரமும் சதுஸ்ரமும் ஒரே ஆவர்த்தனத்துக்குள் ஒன்றாக ஓடுகின்றன. மேஜையில் தட்டிப் பாருங்கள். ஒன்று முதல் பன்னிரண்டு வரை சமமாக எண்ணுங்கள். வலது கை 1, 4, 7, 10இல் தட்டட்டும். இடது கை 1, 5, 9இல். இரண்டும் சேர்ந்து விழுவது 1இல் மட்டும்தான். வேகமாக எண்ணினால் கை குழம்பும். முதலில் ஒரு வினாடிக்கு ஓர் எண் என்று போங்கள். பெரும்பாலும் தவறுவது 4, 5 இரண்டும் அடுத்தடுத்து வரும் இடத்தில். அங்கே வலது முடிந்த கையோடு இடது வர வேண்டும், ஆனால் இரண்டும் ஒட்டிக்கொள்ளக் கூடாது. 9, 10இலும் அதே சிக்கல், கை மட்டும் மாறும். ஐந்து நிமிடத்தில் இது படிந்துவிடும். படிந்த பிறகு, அதற்கு மேல் வாயால் ஒரு பாட்டுப் பாடிப் பாருங்கள். அப்போது தெரியும் இந்தப் பெண் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று.

இந்த இடத்தில்தான் போன் ஸ்பீக்கர் காலை வாரிவிடுகிறது. பெடல் ஹார்ப்பின் அடித் தந்தி 33 ஹெர்ட்ஸை ஒட்டியது, உச்சித் தந்தி 3,100 ஹெர்ட்ஸைத் தாண்டும். போனின் சின்ன ஸ்பீக்கரில் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெலிந்துவிடும். இடது கை பெரும்பாலும் உலவுவது அந்தப் பகுதியில். அது மெலிந்தால் இரண்டு கைகளின் பின்னல் அவிழ்ந்து, மேலே கிணுகிணுவென்று சில தந்திகளும் கூரான ஒரு குரலும்தான் மிஞ்சும். அதைக் கேட்டு "கீச்சுக்குரல்" என்று சொல்பவர்மேல் தப்பு சொல்லவே முடியாது. காதை மூடும் ஹெட்போன், அல்லது ஓரளவு நல்ல ஸ்பீக்கர் இரண்டு. இது இல்லாமல் இந்த ஆல்பத்தைப் பற்றி முடிவு எடுக்காதீர்கள்.

அடுத்த தவறு, முதல் பாட்டிலிருந்து ஆரம்பிப்பது. மொத்தம் ஐந்தே பாட்டு, ஏறக்குறைய 55 நிமிடம். முதல் பாட்டான 'எமிலி' மட்டும் 12 நிமிடம். புதிய குரல், புதிய வாத்தியம், அடர்த்தியான ஆர்கெஸ்ட்ரா, மூச்சுவிடாத வரிகள் என்று நான்கும் ஒன்றாக வந்து தலையில் இறங்கும். மூன்றாவது பாட்டான 'சாடஸ்ட் அண்ட் டயமண்ட்ஸ்' பாட்டில் தொடங்குங்கள். பத்து நிமிடம். ஆர்கெஸ்ட்ரா கிடையாது, ஹார்ப்பும் குரலும் மட்டும். முதல் தடவை வரிகளை விட்டுவிடுங்கள். இடது கையை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை குரலுக்குப் போங்கள். அதற்குப் பிறகு 'எமிலி'க்குத் திரும்பினால் ஆர்கெஸ்ட்ராவுக்கு அடியில் அதே கைகள் ஓடுவது தானாகவே கேட்கும்.

ஆர்கெஸ்ட்ராவைப் பற்றிய புகாரும் பழையதுதான்: "நெரிசல், ஹார்ப்பை அமுக்குகிறது." ஆல்பம் உருவான வரிசையைத் தெரிந்துகொண்டால் இதன் காரணம் விளங்கும். ஹார்ப்பும் குரலும் முதலில் பதிவாயின. பதிந்தவர் ஸ்டீவ் ஆல்பினி. அதற்குப் பிறகு வான் டைக் பார்க்ஸ் எழுதிய ஆர்கெஸ்ட்ரா அதன்மேல் ஏறியது. ஒலிக்கலவை ஜிம் ஓ'ரூர்க். ஏற்கெனவே முழுமையாக நின்ற ஒன்றுக்குப் பின்னால் வந்த ஆர்கெஸ்ட்ரா என்பதால் அது தாங்கிப் பிடிப்பதில்லை, பதில் பேசுகிறது. ஒரு வரி முடியும் முன்பே வயலின்கள் அதற்கு ஒரு குறிப்பு எழுதிவிடும். பின்னணி இசையாகக் கேட்டால் தொந்தரவுதான். இன்னொரு கதைசொல்லியாகக் கேட்க வேண்டும். இது நன்றாகக் கூடிவரும் இடம் 'மங்கி அண்ட் பேர்'. பண்ணையிலிருந்து ஒரு குரங்கும் கரடியும் தப்பி ஓடுகின்றன. வயிற்றுப்பாட்டுக்காகக் குரங்கு கரடியை ஆடவைக்கிறது. கடைசியில் கரடி கடலுக்குள் இறங்கித் தன் உடம்பையே களைந்துவிடுகிறது. விடுதலை என்று பேசியபடியே ஒருவர் இன்னொருவரைக் கட்டிப்போடும் கதை. அங்கே ஆர்கெஸ்ட்ரா கூத்து மேடையாக மாறிவிடும். 'எமிலி'யில் சில இடங்களில் எனக்கும் அது கூடுதலாகத்தான் தோன்றுகிறது.

வரிகளைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு கேட்பது அவசியம். எதுகை வரியின் கடைசியில் மட்டும் இல்லை, வரிக்குள்ளேயே இரண்டு மூன்று தடவை விழுகிறது. காதால் மட்டும் பிடித்துவிட முடியாது. கேட்பவர்கள் அதிகம் வாதாடியது 'எமிலி'யின் பல்லவிபோன்ற பகுதியைப் பற்றி. எமிலி பாடகியின் தங்கை, வானியற்பியல் படித்தவர், இந்தப் பாட்டில் கூடவே பாடியும் இருக்கிறார். எமிலி சொல்லிக் கொடுத்ததை எழுதி வைப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, விண்கல் பற்றி மூன்று சொற்களை விளக்குகிறார் பாடகி. உண்மையில் விண்வெளியில் திரிவது மீட்டியராய்டு. காற்றில் உரசி வெளிச்சமாகத் தெரிவது மீட்டியர். தரையில் வந்து கிடப்பது மீட்டியரைட். பாட்டில் முதலாவதும் மூன்றாவதும் இடம் மாறியிருக்கின்றன. வெளிச்சத்துக்குக் காரணமானது மீட்டியரைட் என்றும், நெருப்பு அணைந்து கிடக்கும் கல் மீட்டியராய்டு என்றும் வருகிறது. கவனக்குறைவு என்கிறார்கள் சிலர். பாசத்தோடு மனப்பாடம் செய்த பாடம் தப்பாகவே நினைவில் தங்கிவிட்டது, பாட்டின் உயிரே அதுதான் என்கிறார்கள் மற்றவர்கள். கடைசியில் அந்தப் பகுதி சொற்கள் மாறித் திரும்ப வரும்போதும் தவறு திருத்தப்படவில்லை. அதனால் நான் இரண்டாவது கட்சி.

'ஒன்லி ஸ்கின்' கிட்டத்தட்ட 17 நிமிடம். இதை மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடையும் வேகமும் பல தடவை மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் முதலில் மாறுவது ஹார்ப், குரல் அதன் பின்னால் வரும். கடைசிப் பகுதியில் பில் கேலஹனின் ஆண்குரல் சேர்கிறது. அதுவரை ஒற்றைக் குரலிலேயே ஊறிய காதுக்கு அது கதவு திறந்ததுபோல் இருக்கும். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்வது இந்தப் பாட்டுக்கு ஆகாது.

முடிவாக 'காஸ்மியா', ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல். இறந்துபோன ஒரு தோழிக்கான பாட்டு. காஸ்மியா என்பது ஓர் அந்துப்பூச்சிப் பேரினத்தின் பெயர். ஆர்கெஸ்ட்ரா இன்னும் உறுத்துகிறது என்பவர்களுக்கு மாற்று வழி இங்கே உண்டு. 2007இல் 'ஜோவன்னா நியூசம் அண்ட் தி ஈஸ் ஸ்ட்ரீட் பேண்ட்' என்ற பெயரில் மூன்று பாட்டுகள் கொண்ட சிறிய தட்டு ஒன்று வந்தது. அதில் 'காஸ்மியா' மறுபடியும் வருகிறது, சின்னக் குழுவோடு, இன்னும் நீளமாக. இரண்டையும் ஒரே உட்காரலில், ஆல்பத்தில் இருப்பதை முதலிலும் குழுவோடு வாசித்ததை அடுத்தும் போட்டுக் கேளுங்கள். முடிவை நெருங்கும்போது அவர் தோழியை நினைத்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். குரல் கிழியும் வரைக்கும் பாடுவார். ஆல்பத்தில் அந்தக் கிழிசலைச் சுற்றி வயலின்கள் நிற்கின்றன. இரண்டாவதில் அந்த வயலின்கள் இல்லை.