தரகர் இல்லாமல் அப்பாவின் வீட்டை விற்றோம்

திருச்சிப் புறநகரில் அப்பா 1988-இல் மனை வாங்கிக் கட்டிய வீட்டை 2025-இல் விற்றோம். நாங்கள் கேட்ட விலை 62 லட்சம். இரண்டு சதவீதத் தரகு என்றால் 1,24,000 ரூபாய். அதைவிட, அந்த வீட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் அதைப் புகழ்ந்து பேசி விற்பதை அம்மா விரும்பவில்லை.

பலகை எழுதி வைக்கும் முன்பே பத்திரங்களைச் சரிபார்த்தது நல்லதாகப் போயிற்று. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல், சுத்தமாக இருந்தது. பட்டாவில்தான் சிக்கல். மனைப்பிரிவு போட்டவரின் பெயரிலேயே, பல மனைகளுக்கும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாகக் கிடந்தது. அப்பா கடைசிவரை மாற்றவே இல்லை. வாரிசுச் சான்றை இணைத்து இ-சேவை மையத்தில், எங்கள் மனையைத் தனியாகப் பிரிக்கும் உட்பிரிவுக்கு மனுக் கொடுத்தோம். நில அளவர் வந்து அளந்து, அம்மா, தங்கை, நான் என மூவர் பெயருக்கும் பட்டா வரச் சில மாதங்கள் ஆயின. விலை பேசிய பிறகு இது தெரிந்திருந்தால், வாங்க வந்தவர் அதைக் காட்டியே விலையைக் குறைத்திருப்பார்.

‘உரிமையாளர் நேரடி விற்பனை’ என்று எழுதியும் வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் தரகர்களுடையவை. நேரில் வந்தவர்களுக்கு அம்மாவே வீட்டைச் சுற்றிக் காட்டினாள். மழையில் பின்கட்டுச் சுவர் ஓதம் பிடிப்பதையும் மறைக்கவில்லை. வாங்கியவர் பிறகு சொன்னார், அதைக் கேட்டுத்தான் எங்கள் மீது நம்பிக்கை வந்ததாம்.

அதற்கு முன் ஒருவர் 62 லட்சத்துக்கே சம்மதித்தார். ஆனால் பதிவுக்காக அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பான 38 லட்சத்துக்குப் பத்திரம் எழுதி, மீதியை ரொக்கமாகத் தருவதாகச் சொன்னார். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக ஒன்பது சதவீதம்; அவருக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் மிச்சம். எங்களுக்கோ ஆபத்து. வீடு, மனை விற்பனையில் இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் விதிக்கலாம். "ஊரே இப்படித்தான் செய்கிறது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வாழ்நாள் முழுக்கக் கடன் வாங்கி, தவணை தவறாமல் கட்டிய மனிதரின் வீட்டைக் கறுப்புப் பணத்துக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்து வந்தவர் வங்கிக் கடனில் வாங்கியவர். வங்கி வழக்கறிஞர் தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளரின் பத்திரம்), முப்பது ஆண்டு வில்லங்கம், வீட்டு வரி ரசீது, கட்டட வரைபட அனுமதி எல்லாம் கேட்டார். வரைபடம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. ஐந்து லட்சம் முன்பணத்தை வங்கி வழியாகப் பெற்றுக்கொண்டு, மூன்று மாதக் கெடுவோடு கிரய ஒப்பந்தம் போட்டு அதையும் பதிவு செய்தோம். விலை ஐம்பது லட்சத்தைத் தாண்டியதால் அவர் ஒரு சதவீதம் வரி பிடித்தம் செய்ய வேண்டும். விற்பவர்கள் மூவர் என்பதால் மூவருக்கும் தனித்தனிப் படிவம். எங்கள் பான் எண்களில் அது வரவாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டேன்.

கிரயப் பத்திரத்தை ஆவண எழுத்தர் எழுதினார். வரைவை நாங்கள் மூன்று முறை படித்தோம். முதல் வரைவில் வடக்கு எல்லை தெற்காக இருந்தது! பதிவு நாளில் டோக்கன் எண் வரும்வரை காத்திருந்து, புகைப்படமும் கைரேகையும் கொடுத்தோம். பணம் வந்துவிட்டதா என்று சார்பதிவாளர் கேட்டபோது அம்மா தலையசைத்தாள். அதுவரை அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சில நாள் கழித்து வில்லங்கச் சான்றை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 1988-இல் ‘எழுதி வாங்கியவர்’ என்ற இடத்தில் அப்பாவின் பெயர். புதிய பதிவில் ‘எழுதிக் கொடுத்தவர்’ என்று எங்கள் மூவர் பெயர். அதை அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.